சாமி பேருக்கு

திங்கட்கிழமை காலை டாக்டர் கிருஷ்ணகுமாரி கூப்பிட்டு அனுப்பியபோது, ஏதோ நல்ல வார்த்தை சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று லோஷினி நினைத்தாள். அப்படி நினைத்ததில் தப்பும் இல்லை. அறுவைச் சிகிச்சை வார்டில் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்த நாளிலிருந்து அவள்மேல் ஒரு குறை வந்ததில்லை. மற்றவர்கள் நரம்பைத் தேடி நாலு இடத்தில் குத்தும்போது, இவள் ஒரே குத்தில் இரத்தம் எடுத்துவிடுவாள். தாதியர்கள்கூட அவளிடம் முகம் சுளிப்பதில்லை.

டாக்டர் கிருஷ்ணகுமாரி அந்தப் பிரிவின் நிபுணர். பயிற்சி மருத்துவர்களுக்குப் பொறுப்பும் அவர்தான். அவருடைய பாட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து இரயில்வே உத்தியோகத்துக்கு வந்தவர். மூன்று தலைமுறை மலாயாவில் கழிந்தும் அந்தப் பேச்சு மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை.

"இரும் பிள்ளை. உமக்குத் தமிழ் வாசிக்க வருமோ?"

"வரும் டாக்டர். தமிழ்ப்பள்ளியிலதான் படிச்சேன்."

"நல்லதாப் போச்சு. நான் கான்வென்ட்டிலை படிச்சனான். கதைக்கத்தான் வரும், எழுத்து ஒண்டும் விளங்காது. இதை வாசிச்சு இங்கிலீஷிலை சொல்லும்."

அவர் ஒரு தாளை மேசைமேல் தள்ளினார். கைப்பேசித் திரையைப் படம் பிடித்து அச்சடித்த தாள் அது. ஏதோ ஒரு கோவிலின் முகநூல் நேரலை. விளக்கொளியில் அம்மன். கீழே பக்தர்கள் எழுதிய வரிகள். அவற்றில் ஒன்றைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள்.

'செல்வராணி, ரோகிணி நட்சத்திரம், காஹாங். நாளைக்கு மார்புக் கட்டி ஆபரேஷன் நல்லபடி முடியணும் தாயே. எங்க வார்டை விட்டுச் சிரிச்சிக்கிட்டே போகணும்.'

எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தில் 'வேப்பமரத்தடி' என்று இருந்தது. பக்கத்தில் ஒரு கொத்து வேப்பிலைப் படம்.

அந்த வேப்பிலையை லோஷினிக்குத் தெரியும். இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போது, செடெனாக்கில் தன் வீட்டுப் பின்புறத்தில் அவளே எடுத்த படம் அது. அந்த வரிகளை எழுதியதும் அவள்தான்.

"என்ன எழுதி இருக்கு?"

அவள் ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் சொன்னாள். 'தாயே' என்ற சொல்லுக்கு வந்ததும் நாக்கு தடுக்கியது. "மதர்" என்றாள்.

"மதரோ? ஆர் ஆரை மதர் எண்டுறது?"

"தாயேன்னு போட்டிருக்கு டாக்டர்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "தாயே. இந்த வார்டிலை அப்பிடிக் கூப்பிடுற ஆள் ஒருத்தர்தானே? தங்கராஜு."

தங்கராஜு அந்த வார்டின் அட்டெண்டன். சக்கர நாற்காலி தள்ளுவது, படுக்கையை இழுத்துப் போவது, நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவர் வேலை. எந்தப் பெண் நோயாளியையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாரும் அவருக்குத் தாயேதான்.

அது சாமியைக் கூப்பிட்டது என்று சொல்ல லோஷினி வாயெடுத்தாள். சொன்னால், 'அப்ப எழுதினது ஆர்?' என்ற கேள்வி அடுத்த மூச்சில் வரும். வாய் தானாக மூடிக்கொண்டது. அந்த ஒரு நொடியில்தான் கதவு சாத்திக்கொண்டது. அப்போது அது அவளுக்குத் தெரியவில்லை.

"அந்த மனுசியின்ரை மகள் சாந்தினி வந்து புகார் குடுத்திருக்கு," என்றார் டாக்டர். "பித்தப்பையிலை கல்லு எண்டுதான் எல்லாருக்கும் சொல்லி வைச்சிருந்தவையாம். மகளுக்கு செனாய் ஊரிலை சம்பந்தம் முடிவாகி இருக்கு. மாப்பிள்ளையின்ரை தாய் இந்த நேரலையைப் பாத்திட்டு, 'கட்டியாமே, அது மகளுக்கும் வருமாமே' எண்டு கேட்டிருக்கு. இப்ப கல்யாணத்தைத் தள்ளி வைக்கச் சொல்லியினமாம்."

லோஷினி தாளை மேசைமேல் திரும்ப வைத்தாள்.

"வியாழக்கிழமை புதுசா வாற பிள்ளையளுக்கு இணையத்திலை எப்பிடி நடக்கோணும் எண்டு வகுப்பு இருக்கு. பொது விசயத்தை நான் கதைக்கிறன். இந்தக் கேஸை நீர் படிப்பியும். நீர் ஒருநாளும் பிழை விடாத பிள்ளை. உம்மடை வாயாலை வந்தால் கேப்பினம்."

*

நடந்தது இதுதான்.

போன செவ்வாய்க்கிழமை செல்வராணியின் கையில் நரம்பு கிடைக்காமல் இரண்டு பேர் தோற்றுப் போனார்கள். லோஷினி வந்து எடுத்தாள். செல்வராணி காஹாங்கில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்துகிறவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். கணவர் இல்லை. அடுப்பும் கரண்டியுமாகப் பழகிய கையில் தழும்புகள் இருந்தன.

"குத்துனதே தெரியல. பூ மாதிரி கை உனக்கு," என்றார். பிறகு திரைச்சீலை மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, "கோவிலுக்குப் போவியாம்மா?" என்று கேட்டார்.

"போவேன் ஆன்ட்டி."

"எனக்காக ஒரு அர்ச்சனை போட்டுடு. ரோகிணி நட்சத்திரம். பொண்ணுகிட்ட கேக்க முடியாது, அவ அழுவா."

போடுகிறேன் என்று லோஷினி சொல்லிவிட்டாள். வேலையோ இரவு வரைக்கும் இருந்தது. செடெனாக் கோவிலில் ஊரடங்குக் காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. செவ்வாயும் வெள்ளியும் பூஜையை நேரலையில் காட்டுவார்கள். வர முடியாதவர்கள் கீழே எழுதினால், தொண்டர் அதை ஒலிபெருக்கியில் வாசிக்க, குருக்கள் அர்ச்சனை செய்வார். 'பேரு, நட்சத்திரம், ஊரு, காரியம் போடுங்க' என்று தொண்டர் திரும்பத் திரும்பச் சொல்லுவார். கேட்டதையெல்லாம் ஒழுங்காக எழுதிப் பழகியவள் லோஷினி. தேநீர் போடும் சின்ன அறையில் நின்றபடி நாலையும் எழுதினாள். பெயரை வாசித்தார்கள். மணி அடித்தது. அவளுக்குக் கண் கலங்கியது. இந்த மாதத்தில் மருந்தும் ஊசியும் இல்லாமல் ஒருவருக்குச் செய்த நன்மை இது ஒன்றுதான் என்று தோன்றியது.

மறுநாள் அறுவைச் சிகிச்சைக்குப் போகும்போது செல்வராணியின் காதருகே குனிந்து, "போட்டாச்சு ஆன்ட்டி," என்றாள். செல்வராணி அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

ஆக, எழுதியது யார் என்று செல்வராணிக்குத் தெரியும். லோஷினியை விரட்டியது அந்த நினைப்புதான். அந்த அம்மா வாயைத் திறந்தால் போதும்.

டாக்டரின் அறையிலிருந்து நேராகக் கழிப்பறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டு, எழுதியதை அழித்தாள். வேப்பமரத்தடி என்ற அந்தக் கணக்கையே அழித்தாள். கைப்பேசியைப் பையில் போட்டு முகம் கழுவும்போதுதான் உறைத்தது. எழுதியது தங்கராஜு இல்லை என்று காட்ட இருந்த ஒரே தடயத்தையும் தன் கையாலேயே துடைத்துவிட்டோம்.

*

அன்றைக்கு மத்தியானமே தங்கராஜுவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அவர் வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர். இந்த மாதக் கடைசியில் அது முடிகிறது. இவ்வளவும் வார்டில் எல்லாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் காய்ச்சலைவிடச் சேதி சீக்கிரம் பரவும்.

"தங்கராஜு அண்ணன் ஃபேஸ்புக்ல எழுதுனாராம்," என்று சிரித்தான் ரூபேந்திரன். அவனும் லோஷினியோடு பயிற்சியில் இருப்பவன். "அலமாக், வாட்சப்ல ஒரு ரோஜாப்பூ குட் மார்னிங் அனுப்பவே அவருக்கு மவ வேணும். அவராவது நேரலைல எழுதறதாவது."

"அப்போ நீ போய்ச் சொல்லேன், அவரு இல்லைன்னு."

"நானா? சொன்னா, 'அப்போ நீயா'ன்னு கேப்பாங்க. எனக்கு எக்ஸ்டென்ஷன் வாங்கிக் குடுக்கப் பாக்கிறியா லா?"

எக்ஸ்டென்ஷன் என்பது பயிற்சி மருத்துவர்கள் கனவிலும் கேட்க விரும்பாத சொல். குற்றம் குறை வந்தால் அந்தப் பிரிவிலேயே பயிற்சியை மாதக்கணக்கில் நீட்டிவிடுவார்கள். கூடப் படித்தவர்கள் தாண்டிப் போக, நாம் அதே கட்டில்களைச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். லோஷினியின் அப்பா காளியப்பன் தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவர். 'எம் பொண்ணு இந்த வருசத்தோட முழு டாக்டர்' என்று வேனில் ஏறுகிற அத்தனை பேரிடமும் சொல்லி முடித்துவிட்டார்.

தங்கராஜு திரும்பி வந்தார். ஒன்றும் நடக்காததுபோல் சக்கர நாற்காலியை இழுத்துக்கொண்டு ஏழாம் கட்டிலுக்குப் போனார். அங்கே ஒரு சீனக் கிழவி இருந்தார். தங்கராஜு தினமும் "தாயே, தாயே" என்று கூப்பிடுவதைக் கேட்டு, அது அவருடைய பெயர் என்று நினைத்துக்கொண்டவர். வேண்டியதற்கெல்லாம் "தாயே! தாயே!" என்று அவரைக் கூவிக் கூப்பிடுவார். வார்டே சிரிக்கும்.

"புவான், வாங்க, எக்ஸ்ரேக்குப் போகணும்," என்றார் தங்கராஜு. மலாயில் அம்மையார் என்கிற மரியாதைச் சொல் அது.

கிழவி நிமிர்ந்து பார்த்தார். வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

லோஷினி பக்கத்தில் போனாள். "என்னாண்ணே, புவான்னு கூப்பிடறீங்க?"

"அதான் டாக்டர், மரியாதை. தாயேன்னு கூப்பிடறவன் நான் ஒருத்தன்தானாம். அதனால எழுதுனவனும் நான்தானாம். நான் எழுதலைன்னு சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். மூணாவது தடவ சொன்னா கெஞ்சற மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன்." அவர் சிரிக்கப் பார்த்தார். "என்னைப் பெத்தவ நான் பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போயிட்டா. தாயேன்னு கூப்பிட ஆள் இல்ல. அதான் இங்க வந்து எல்லாரையும் கூப்பிட்டுத் தீத்துக்கிட்டேன். சரி, போதும். இனி புவான்."

லோஷினி ஏதோ சொல்ல நினைத்தாள். அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அன்று முழுக்க அவள் செல்வராணியின் கட்டில் பக்கம் போகவில்லை. காயத்திலிருந்து நீர் வடிவது நிற்காததால் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. இரத்தம் எடுக்க வேண்டிய வேலையை ரூபேந்திரனிடம் மாற்றிக்கொண்டாள். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் சாந்தினியின் குரல் கேட்டது. "யாருன்னு தெரியணும்மா. தெரிஞ்சா விடமாட்டேன். ஒரு குடும்பத்து மானம்." செல்வராணியின் பதில் எதுவும் கேட்கவில்லை.

*

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மாலையில் வேலை முடிந்தது. வீட்டுக்குப் போனால் அம்மா முகத்தைப் பார்த்தே கேட்டுவிடுவாள் என்று பயந்து, செடெனாக் வந்ததும் காரைக் கோவில் பக்கம் திருப்பினாள். அழுதுவிட்டுப் போகலாம் என்பதுதான் எண்ணம். கோவிலுக்கு வந்து சாமியிடமும் உண்மையை மறைக்க முடியுமா என்ன? அதையும் பார்த்துவிடலாம் என்று மனதின் ஒரு மூலை சொன்னது.

கூட்டம் அதிகம் இல்லை. கைப்பேசியை முக்காலியில் பொருத்தி நேரலை ஓடிக்கொண்டிருந்தது. தொண்டர் தீபன் ஒலிபெருக்கியோடு வரிசையில் ஒவ்வொருவராகக் கேட்டு வந்தான். வரிசை நகர நகர அவளும் நகர்ந்தாள். கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவில் நிற்பதால் விலகிப் போகவும் வழி இல்லை.

"அக்கா, பேரு, நட்சத்திரம்?"

ஒலிபெருக்கி அவள் வாய்க்கு நேராக வந்தது. கைப்பேசியின் கண்ணும் அவளையே பார்த்தது.

செல்வராணி என்று சொல்ல முடியுமா? அந்தப் பெயரை இனி இந்த இடத்தில் எடுக்க அவளுக்கு வாய் இல்லை. தங்கராஜு என்று சொன்னால் பார்க்கிறவர்கள் ஏன் என்பார்கள். லோஷினி என்று தன் பெயரைச் சொல்லி, எனக்கு நல்லது செய் என்று கேட்கக் கூசியது.

"லைவ் ஓடுதுக்கா. சீக்கிரம்."

"சாமி பேருக்கே பண்ணச் சொல்லுங்க."

"காரியம்?"

"ஒண்ணும் இல்ல. சாமி பேருக்கு."

தீபன் தோளைக் குலுக்கிக்கொண்டு, "சாமி பேருக்கு ஒண்ணு," என்று குருக்களுக்குக் குரல் கொடுத்தான். அவர் தலையசைத்துவிட்டு, எந்த மனிதர் பெயரும் எந்த நட்சத்திரமும் சொல்லாமல், அம்மனின் பெயருக்கே பூவைப் போட ஆரம்பித்தார்.

சின்ன வயதிலிருந்து அவள் கேட்டுப் பழகிய வழக்கம்தான். கேட்க ஒன்றும் இல்லாதவர்கள் அப்படிச் செய்வார்கள் என்று எண்ணியிருந்தாள். சொல்லக்கூடாத ஒன்றைச் சுமந்துகொண்டு வருகிறவர்களுக்காகவும் அந்த வழி திறந்தே இருந்திருக்கிறது. போன செவ்வாயும் இருந்தது. செல்வராணிக்காக அன்றைக்கே 'சாமி பேருக்கு' என்று எழுதியிருக்கலாம். யாருக்கு, எதற்கு என்று அம்மனுக்கா தெரியாது? கட்டியைப் பார்க்காமலேயே தெரிந்தவள் அல்லவா?

தட்டு திரும்பி வந்தது. குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். நாளைக்குக் காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். முடிவு செய்த பிறகும் பயம் போகவில்லை. பயத்தோடேயே வீட்டுக்குப் போனாள்.

*

"நான்தான் டாக்டர்," என்றாள் உட்காராமலேயே. "அந்தத் தாயே அம்மனைக் கூப்பிட்டது. தங்கராஜு அண்ணனுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. திங்கக்கிழமையே சொல்லியிருக்கணும். சொல்லல. கணக்கையும் அழிச்சிட்டேன்."

டாக்டர் கிருஷ்ணகுமாரி திட்டவில்லை. திட்டியிருந்தால் லோஷினிக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நீர் செய்தது ரெண்டு பிழை," என்றார். "முதல் பிழை தெரியாமச் செய்தது. ரெண்டாவது தெரிஞ்சு செய்தது. விசாரணை வரும். எக்ஸ்டென்ஷனும் வரும். நான் தடுக்க மாட்டன்."

"சரி டாக்டர்."

"நானும் ஒண்டு செய்தனான்." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எனக்கு வாசிக்கத் தெரியாத ஒரு சொல்லை வைச்சு ஒரு மனுசனைப் பிடிச்சன். சாமியையும் அப்பிடிக் கூப்பிடுவினம் எண்டு என்ரை அம்மா கும்பிடுறதைக் கேட்டு வளந்த எனக்கே ஞாபகம் வரேல்லை. தங்கராஜுவை நான் கூப்பிட்டுக் கதைக்கிறன்."

லோஷினி திரும்பினாள்.

"நில்லும். நாளைக்கு வகுப்பை நீர்தான் எடுக்கோணும்."

"நானா டாக்டர்?"

"நீர்தான். ஆனா எழுதினது ஆர் எண்டு சொல்லத் தேவையில்லை. நோயாளியின்ரை பேர் வெளியிலை வராது. அதே மாதிரி பிழை விட்டவரின்ரை பேரும் வெளியிலை வராது. அது இந்த வகுப்பின்ரை விதி."

கருணையாகத்தான் சொன்னார். ஆனால் கதவைத் தாண்டி வராந்தாவுக்கு வந்தபோது, ஒரு பொறியிலிருந்து இன்னொரு பொறிக்கு வந்ததுபோல் இருந்தது லோஷினிக்கு. பேர் சொல்லாமல் விடலாம். விதியே அவளுக்கு நிழல் கொடுக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரி முழுக்க ஒரு பேர் ஏற்கெனவே வாய்க்கு வாய் உருண்டுகொண்டிருக்கிறதே. டாக்டர் தங்கராஜுவிடம் பேசலாம். கேண்டீனிலும் மின்தூக்கியிலும் நிற்கிற ஒவ்வொரு வாயிடமும் யார் போய்ப் பேசுவது?

*

வியாழக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடந்தது. புதிதாக வந்த பிள்ளைகளில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள். டாக்டர் கிருஷ்ணகுமாரி பொது விஷயங்களைப் பேசி முடித்தார். வார்டில் படம் எடுக்காதே, நோயாளியைக் கேலி செய்து எழுதாதே, சீருடையோடு ஆட்டம் ஆடிப் போடாதே என்றெல்லாம் சொன்னார். பிள்ளைகள் தலையாட்டினார்கள். அந்தக் காரியங்களை எல்லாம் தாங்கள் செய்யவே மாட்டோம் என்கிற தலையாட்டல் அது.

பிறகு லோஷினியின் முறை வந்தது. திரையில் அந்த வரி வந்தது. பெயர், நட்சத்திரம், ஊர் மூன்றையும் கறுப்புக் கட்டங்களால் மறைத்திருந்தாள்.

"இதில் கேலி இல்லை. படம் இல்லை. கோபம் இல்லை. எழுதியவர் இந்த நோயாளிமேல் அன்பு வைத்திருந்தார்," என்றாள். "இது தவறா?"

முன்வரிசையில் ஒரு மலாய்ப் பெண் தயங்கிக் கையை உயர்த்தினாள். "நாங்களும் நோயாளிக்காகத் துஆ செய்வோம். நோயாளியே கேட்டிருந்தால் அது எப்படித் தவறாகும்?"

"நோயாளி கேட்டது உண்மைதான். பிரார்த்தனையைக் கேட்டார். தன் பெயரையும் நோயையும் ஊர் பார்க்க வைக்கும்படி கேட்கவில்லை. எழுதியவர் இரண்டும் ஒன்றென்று நினைத்துவிட்டார். நம் கையில் இருக்கிற அவர்கள் பெயர், அவர்கள் நம்மிடம் வைத்துக்கொள்ளச் சொன்ன பொருள். அதைக் கடவுளிடம் கொடுக்கிறோம் என்று நினைத்தாலும், வழியில் எத்தனை பேர் கண் முன்னால் எடுத்துப் போகிறோம் என்று பார்க்க வேண்டும்."

தன் ஊர்க் கோவில் வழக்கத்தைச் சொன்னாள். பெயரும் நட்சத்திரமும் சொல்லாமல் சாமியின் பெயருக்கே அர்ச்சனை செய்யலாம் என்பதைச் சொன்னாள். மலாய்ப் பெண் புரிந்தது என்பதுபோல் மெல்லத் தலையசைத்தாள்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "இதை எழுதியது ஆறாவது மாடி அட்டெண்டன்தானே? அவரை வேலையை விட்டு நீக்குகிறார்களாமே?" என்று கேட்டான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

தங்கராஜு கதவருகே நின்றிருந்தார். உட்கார இடம் போதவில்லை என்று நாற்காலிகள் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு கையிலும் நாற்காலியோடு, எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டார்.

லோஷினி டாக்டரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விதி அங்கேயே இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டால் யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை.

"இந்த வகுப்பில் பெயர்கள் சொல்லக்கூடாது," என்றாள். "ஆனால் தவறான பெயர் ஒன்றை ஏற்கெனவே எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். அதனால் சரியான பெயரை நான் சொல்கிறேன். எழுதியது நான். அதை மறைத்து, இன்னொருவர்மேல் விழ விட்டதும் நான்."

தங்கராஜு குனிந்து, இரண்டு நாற்காலிகளையும் சத்தம் வராமல் தரையில் வைத்தார்.

*

விசாரணைக் கடிதம் அன்றே வந்தது. நீட்டிப்பு நிச்சயம், எத்தனை மாதம் என்பதுதான் பாக்கி என்று ரூபேந்திரன் சொன்னான். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. தான் வாங்கி வைத்திருந்த கறிபாப் பலகாரத்தை அவள் கையில் திணித்துவிட்டுப் போனான். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

செல்வராணியின் கட்டிலுக்குப் போகும் தூரம் அன்றுபோல் என்றும் நீண்டதில்லை. டாக்டர் கிருஷ்ணகுமாரி முன்பே போய்ப் பேசிவிட்டிருந்தார். சாந்தினி கட்டிலருகே நின்றிருந்தாள். லோஷினியைப் பார்த்ததும் எழுந்த வார்த்தையைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டு, "நான் வெளிய இருக்கேன்மா," என்று போய்விட்டாள்.

"ஆன்ட்டி," என்றாள் லோஷினி. மன்னிப்புக் கேட்க யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்து போனது. "தப்பு பண்ணிட்டேன் ஆன்ட்டி."

செல்வராணி சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செனாய்க்காரங்க இன்னும் பதில் சொல்லல," என்றார். "சொல்லுவாங்களோ மாட்டாங்களோ. எம் பொண்ணு உன்ன மன்னிக்க மாட்டா. நானும் இன்னும் மன்னிக்கல. பொய் சொல்லக்கூடாதில்ல."

"சரி ஆன்ட்டி."

"நீதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும். யாரு யாருன்னு அவ கேட்டுக்கிட்டே இருந்தா. சொல்லல." இப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தார். "எம் பேர நீ சொல்லிட்ட. உம் பேர நான் சொல்லல."

லோஷினிக்கு அழுகை வந்தது. அழ உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டாள்.

"தங்கராஜு மேல போவுதுன்னு எனக்குத் தெரியாது," என்றார் செல்வராணி மறுபடியும். "தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன். அது வேற." பிறகு, கேண்டீனில் பிள்ளைகளை அதட்டுகிற குரலில், "இன்னிக்கி ரத்தம் எடுக்கணும்ல? அந்த ரூபனை அனுப்பாத. மூணு தடவ குத்தறான். நீயே எடு," என்று நைட்டியின் வலது கையைச் சுருட்டிவிட்டு நீட்டினார்.

லோஷினி மேல்கையில் ரப்பர் பட்டையை இறுக்கி, விரலால் நரம்பைத் தேடினாள். கை நடுங்காமல் இருக்க வேண்டுமே என்று மட்டும் வேண்டிக்கொண்டாள். யார் பெயரும் சொல்லாமல் வேண்டினாள்.

ஊசி ஒரே தடவையில் இறங்கியது. செல்வராணி கண்ணை மூடிக்கொண்டார். பூ மாதிரி என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

ஏழாம் கட்டிலில் சீனக் கிழவி, "தாயே! தாயே!" என்று கூவினார். மூன்று நாளாக அந்தக் கூவலுக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போன தங்கராஜு, இன்று வராந்தாவின் கோடியிலிருந்தே குரல் கொடுத்தார்.

"இதோ வந்துட்டேன் தாயே!"

சக்கர நாற்காலி உருண்டு வரும் சத்தம் கேட்டது. லோஷினி ஊசியை எடுத்துவிட்டு, பஞ்சை வைத்து, விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.